அட்டைக்குப் பின்னால் உள்ள கணக்கு

டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் மஞ்சள் பையிலிருந்து சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரை அட்டை ஒன்றை எடுத்து நீட்டினார். “ஆரம்ப சுகாதார நிலையத்துல கொடுத்தது தம்பி. சும்மா கொடுக்குற மாத்திரை கேக்குமா?” டீ வந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு அடுத்ததைக் கேட்டார்: “எல்லாருக்கும் இப்படிக் கொடுத்துக்கிட்டே இருந்தா அரசாங்கத்துக்குக் கட்டுப்படியாகுமா?”

அட்டையைத் திருப்பிக் காட்டினேன். தமிழ்நாடு அரசு, விற்பனைக்கு அல்ல என்று அச்சடித்திருந்தது. மருந்து வழிமாறி வெளிக்கடைக்குப் போகாமல் இருக்கத்தான் அந்த அச்சு. இதை வாங்கி அனுப்பியது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். 1994-இல் அரசு தொடங்கிய கழகம் அது. அடுத்த ஆண்டிலிருந்து மருந்து வழங்கிவருகிறது.

கல்யாணத்துக்குக் காய்கறி வாங்க யாரும் தெருமுனைக் கடைக்குப் போவதில்லை, கோயம்பேட்டில் மூட்டையாக எடுப்போம். இதுவும் அப்படித்தான். மாநிலத்தின் அரசு ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் வேண்டியதைக் கூட்டிப்போட்டு, டெண்டர் விட்டு, தயாரிப்பவரிடமே நேராக வாங்குகிறார்கள். பிராண்டு பெயருக்கென்று தனி விலை தருவதில்லை. வந்த சரக்கிலிருந்து மாதிரி எடுத்து, கம்பெனி பெயரை மறைத்து ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். தேறினால்தான் கிடங்கை விட்டு வெளியே வரும். ஆகவே மாத்திரை கேக்கும் ஐயா, நேரத்துக்குப் போடுங்கள்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது பாஸ்புக். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒன்று உண்டு. இந்த ஆண்டு இத்தனை ரூபாய்க்கு மருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று அதில் வரவு வைத்திருப்பார்கள். மாவட்டக் கிடங்கில் மருந்து எடுக்க எடுக்க அந்த மதிப்பு கழியும். கொல்லிமலையில் இருக்கும் சின்ன சுகாதார நிலையத்துக்கும் தன் பெயரில் ஒரு பங்கு எழுதியிருக்கிறது. கிடங்கில் போய் யாரிடமும் கெஞ்ச வேண்டாம். பொதுப்பணத்தில் நியாயம் என்று நான் சொல்வது இதைத்தான். பின்னாளில் 2011-இல் இலவச மருந்துத் திட்டம் கொண்டுவந்த ராஜஸ்தானும் இதே மாதிரியில்தான் ஒரு கழகத்தை அமைத்தது.

ஆனால் சர்க்கரையும் பிரஷரும் ஒரு வாரத்தில் தீர்கிற காய்ச்சல் இல்லையே. புதிதாக வருகிறவர்கள் சேர்ந்துகொண்டே போவார்கள், பழையவர்களுக்கும் மாத்திரை நிற்காது. பாஸ்புக்கில் போடும் தொகையும் அதற்கேற்ப ஏற வேண்டும். ஏறாவிட்டால் முப்பது நாள் மாத்திரை பதினைந்து நாளாகச் சுருங்கும். கூலிக்குப் போகிறவர் மாதத்தில் இன்னொரு நாள் வேலையை விட்டுவிட்டு வரிசையில் நிற்பார். அந்த மாத்திரைக்கு அவர் கொடுக்கும் விலை ஒரு நாள் கூலி. இதை ஓரளவு உணர்ந்துதான் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது.

காப்பீடு இருக்கிறதே என்பார்கள். 2009-இல் தொடங்கிய மாநிலக் காப்பீட்டுத் திட்டம் பெரிய ஆபரேஷன்களுக்குக் கைகொடுக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் தினப்படி மாத்திரைக்கு அந்தக் காப்பீட்டு அட்டை உதவாது. சர்க்கரை கட்டுப்படாமல் சிறுநீரகம் கெட்டுவிட்டால் வாரத்துக்கு இரண்டு, மூன்று முறை டயாலிசிஸ். அந்தச் செலவும் பெரும்பாலும் இதே அரசின் தலையில்தான் விழுகிறது. கட்டுப்படியாகுமா என்று இந்தச் சின்ன மாத்திரையைப் பார்த்துக் கேட்பதைவிட, இதை நிறுத்தினால் வரப்போகும் செலவைப் பார்த்துக் கேட்க வேண்டும். பட்ஜெட்டில் கை இறுகும் ஆண்டில் முதலில் வெட்டக் கூடாதது இதுதான்.

பெரியவர் அட்டையைத் தடவி எண்ணினார். “நாலுதான் இருக்கு. போன தடவை பாதிதான் கொடுத்தாங்க.”

“அடுத்த தடவையும் குறைஞ்சா ஏன்னு கேளுங்க ஐயா. சுகாதார உதவி எண் 104-க்குப் போன் பண்ணியும் சொல்லலாம். ஓ.பி. சீட்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க, பத்திரமா வச்சிருங்க.”

சீட்டை நாலாக மடித்து அட்டையோடு சேர்த்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.