தொட்டியில் வளராத சரக்கு

துளசியும் கற்பூரவல்லியும் இன்று வீட்டுக்கு வீடு தொட்டியிலேயே வளர்கின்றன. அவற்றைக் கேட்டு மளிகைக் கடைக்கு யாரும் வருவதில்லை. தொட்டியில் வளராதது கடுக்காய். அது பெருமரத்தின் காய். கல்வராயன் மலைக் காடுகளில் மலையாளிப் பழங்குடியினர் சேகரித்துத் தருவது. கள்ளக்குறிச்சி வியாபாரிகளுக்குக் கைக்கெட்டும் தூரத்துச் சரக்கு.

ஆனால் நாம் என்ன செய்கிறோம்? ஒரு மூட்டை வாங்கி மூலையில் போட்டுவிட்டு மறந்துவிடுகிறோம். பிறகு திறந்தால் துளை விழுந்த காயும் தூளும்தான். அந்தக் காயைக் கொண்டுபோன வாடிக்கையாளர் மறுபடி வருவாரா? வாங்கும்போதே நாலு காயைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். மூழ்கினால் நல்ல காய். பொடியாக விற்பவர்கள் கொட்டையை நீக்கியே அரைக்க வேண்டும். கொட்டையோடு அரைத்தால் எடை கூடும் என்பது உண்மைதான்; ஆனால் சித்த மருத்துவம் அதை நஞ்சு என்று விலக்கியிருக்கிறது.

மருந்துக்கு மட்டுமல்ல. ஸ்ரீகாளஹஸ்தியில் கலம்காரி எழுதுவோர், கடுக்காயும் எருமைப் பாலும் கலந்த நீரில் துணியை நனைத்த பிறகே எழுதுகிறார்கள். இரும்பு ஊறிய நீர் பட்டதும் கடுக்காயின் துவர்ப்பு கறுப்பாகிறது. வீட்டில் பூத்த துலுக்கச் சாமந்தியைக் கொதிக்கவைத்துப் பருத்தித் துணிக்கு மஞ்சள் சாயம் ஏற்றுவோருக்கும், சாயம் பிடிக்கக் கடுக்காயும் படிகாரமும் தேவை. இரண்டும் நம் கடையில் இருப்பவையே. கேட்பவர்களிடம் சேர்த்தே எடுத்துக் கொடுக்கலாம்.

ஒன்று மட்டும் கவனம். சர்க்கரை நோய் தீரும் என்று சீட்டு எழுதி ஒட்டாதீர்கள். 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவ்வகை விளம்பரம் குற்றம். கர்ப்பிணிகளுக்கு என்று கேட்டால், வைத்தியரிடம் கேட்டு வரச் சொல்லிவிடுங்கள்.