நாய்க்குட்டியும் ஒவ்வாமையும்: பிரிவு எப்போது தேவை?

நூம்பல், அயனம்பாக்கம், திருவேற்காடு, வானகரம் ஆகிய பகுதிகளிலிருந்து எங்கள் ஒவ்வாமைப் பிரிவுக்கு வரும் பெற்றோர் பலர் ஒரே கேள்வியைக் கேட்கின்றனர். வீட்டிற்கு நாய்க்குட்டி வந்து சில மாதங்களாகின்றன. பிள்ளைக்கு இரவில் இருமலும் காலையில் அடுக்குத் தும்மலும் தொடங்கியுள்ளன. குட்டியை யாரிடமேனும் கொடுத்துவிட வேண்டுமா என்பதே அக்கேள்வி. உறவினர் ஒருவர் உடனே அனுப்பிவிடச் சொல்லியிருப்பார். பிள்ளையோ குட்டியைக் கட்டிக்கொண்டு அழும். இருவரையும் மதித்து முடிவெடுக்க உதவும் செய்திகளை இங்கே தொகுத்துள்ளோம்.

ஒவ்வாமை எங்கிருந்து வருகிறது?

நாயின் முடியே ஒவ்வாமைக்குக் காரணம் எனப் பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் அதன் உமிழ்நீர், உதிரும் தோல் செதில்கள், சிறுநீர் ஆகியவற்றிலுள்ள புரதங்களே காரணம். அவற்றுள் முதன்மையானது 'கேன் எஃப் 1' எனப்படுவது. நாய் தன் உடலை நக்கும்போது இப்புரதம் முடியில் படிந்து, உலர்ந்து, நுண்துகளாகக் காற்றில் மிதக்கிறது. ஒவ்வாமைத் தன்மை உடையவரின் உடல் இப்புரதத்தைப் பகையெனக் கருதி 'ஐ.ஜி.ஈ.' என்னும் எதிர்ப்புப் பொருளை உண்டாக்குகிறது. மீண்டும் அத்துகள் உட்புகும்போது ஹிஸ்டமின் முதலிய வேதிப்பொருள்கள் வெளிப்பட்டு, தும்மல், கண்ணரிப்பு, தோல் தடிப்பு, இளைப்பு ஆகியவற்றைத் தோற்றுவிக்கின்றன.

ஆகவே முடியை ஒட்ட வெட்டிவிடுவதால் பயன் சிறிதே. 'ஒவ்வாமை தராத இனம்' என்று கூறி அதிக விலைக்கு விற்கப்படும் குட்டிகளை நம்பவும் வேண்டா. அத்தகைய இனங்கள் வளரும் வீடுகளில் இப்புரதம் குறைவாக இருப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை.

குற்றம் நாயுடையதுதானா?

சென்னையின் ஈரக்காற்றில் வீட்டுத் தூசியிலுள்ள நுண்ணிய உண்ணிகள் செழித்து வளர்கின்றன. மெத்தையும் தலையணையுமே அவற்றின் இருப்பிடம். கரப்பான் பூச்சியின் கழிவு, வடகிழக்குப் பருவமழைக்குப்பின் சுவரில் படரும் பூஞ்சணம், கொசுவர்த்திப் புகை, ஊதுவத்திப் புகை, போகிப் புகை ஆகியனவும் மூச்சுக்குழலைத் தாக்கவல்லவை. குட்டி வந்த மாதமும் மழை தொடங்கிய மாதமும் ஒன்றாக இருந்தால், பழி எளிதில் குட்டியின்மேல் விழுந்துவிடும்.

வேறொன்றும் உண்டு. குட்டிக்குத் தெள்ளுப்பூச்சியோ சொறியோ படர்தாமரையோ இருந்தால், அதனைத் தூக்கிக் கொஞ்சுவோருக்கும் தோலில் அரிப்பு உண்டாகலாம். அது ஒவ்வாமையன்று. கால்நடை மருத்துவர் குட்டிக்கும், தோல் மருத்துவர் வீட்டாருக்கும் மருத்துவம் செய்தால் தீர்ந்துவிடும்.

எனவே முதலிற் செய்ய வேண்டியது சோதனை. முன்கையின் தோலில் ஒவ்வாமைப் பொருள்களின் சாற்றுத் துளிகளை இட்டு, நுனி ஊசியால் மெல்லத் தொடுவோம். 15 முதல் 20 நிமிடங்களில் விடை தெரியும். சளி, அரிப்புக்கான மாத்திரைகளை அதற்குச் சில நாள்கள் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும். எவற்றை, எப்போது நிறுத்துவது என்பதை மருத்துவரிடம் கேட்டறிக. ஆஸ்துமாவுக்கான இன்ஹேலரை நீங்களாக நிறுத்தலாகாது. தோற்சோதனை செய்ய இயலாதவர்க்கு இரத்தச் சோதனை உண்டு.

சோதனையில் நாய் எனத் தடித்துவிட்டாலே முடிவு கிடைத்துவிட்டதாகக் கொள்ளக்கூடாது. உடல் அப்புரதத்தை அடையாளம் கண்டுள்ளது என்பதே அதன் பொருள். குட்டியுடன் விளையாடியபின் தொல்லை மிகுகிறதா, அது நக்கிய இடம் தடிக்கிறதா என்னும் அன்றாடக் குறிப்புகளோடு பொருத்திப் பார்த்தே மருத்துவர் முடிவு கூறுவார். இரண்டு வாரக் குறிப்பேடு ஒன்றை எழுதிக் கொண்டுவருவது பெரிதும் உதவும்.

குட்டியை நான்கு நாள் வேறிடத்தில் விட்டுப் பார்ப்பது சரியான சோதனையாகாது. அதன் புரதம் மெத்தை, சோபா, திரைச்சீலை, சுவர் ஆகியவற்றில் வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் தங்கியிருக்கும். குட்டி சென்றும் இருமல் நிற்கவில்லையே என்று தவறாக எண்ண நேரும்.

சேர்ந்து வாழ இயலும்போது

தும்மலும் கண்ணரிப்பும் மட்டுமே இருந்து, அவை மருந்துக்குக் கட்டுப்படுமாயின், குட்டியை வைத்துக்கொண்டே முயன்று பார்க்கலாம். படுக்கையறைக்குள் அதனை ஒருபோதும் விடாதீர்கள். நாளின் மூன்றிலொரு பங்கை நாம் அங்கேதான் கழிக்கிறோம். கதவைச் சாத்தியே வைத்திருங்கள். ஒவ்வாமை இல்லாத ஒருவர் வாரம் இருமுறை குட்டியைக் குளிப்பாட்டட்டும். குளித்த பயன் சில நாள்களே நிற்கும். அடிக்கடி குளிப்பாட்டினால் குட்டியின் தோல் வறளலாம் என்பதால் அதற்கேற்ற ஷாம்பூவைக் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். தரையை ஈரத்துணியால் துடையுங்கள். உலர்ந்த துடைப்பம் துகளைக் காற்றில் எழுப்பும். படுக்கை விரிப்புகளை வாரந்தோறும் 55 பாகை செல்சியசுக்கும் மேற்பட்ட வெந்நீரில் துவைத்தால் தூசி உண்ணிகளும் மடியும்.

மகவை எதிர்நோக்கும் குடும்பங்களுக்கும் ஒரு சொல். யாருக்கும் ஒவ்வாமை இல்லாதபோது, வரக்கூடும் என்னும் அச்சத்தால் மட்டும் நாயை அனுப்பிவிட வேண்டியதில்லை. முதல் ஆண்டில் நாயுள்ள வீட்டில் வளர்ந்த குழந்தைகளுக்குப் பள்ளிப் பருவத்தில் ஆஸ்துமா சற்றுக் குறைவாகவே காணப்பட்டது என ஸ்வீடனில் நடத்தப்பட்டு 2015-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. ஆயினும், ஏற்கெனவே நாய் ஒவ்வாமையால் இளைப்பு உண்டாகும் பிள்ளைக்கு இவ்வாய்வு பொருந்தாது.

பிரிய வேண்டியபோது

நாய் ஒவ்வாமை உறுதியாகி, ஆஸ்துமா அடிக்கடி மிகுகிறது. முறையான மருந்தும் மேற்சொன்ன ஒழுங்குகளும் போதவில்லை. இரவுத் தூக்கம் கெடுகிறது. நெபுலைசருக்காக மருத்துவமனைக்கு ஓட வேண்டியிருக்கிறது. இந்நிலையில் தயங்க வேண்டா என்றே நாங்கள் அறிவுரை கூறுகிறோம். மூச்சுக்குழலின் நாட்பட்ட அழற்சி பிள்ளையின் வளர்ச்சி, படிப்பு, சில வேளை உயிர் ஆகியவற்றைத் தொடும். பேச இயலாதவாறு மூச்சு வாங்குதல், விலா இடுக்கு உள்வாங்குதல், உதடு நீலம் பாரித்தல் ஆகியவற்றைக் கண்டால் உடனே 108-ஐ அழையுங்கள்.

குட்டிக்கு நல்ல இல்லம் தேடுவதும் வீட்டாரின் கடமையே. முதலில் உறவினர், நண்பர், அண்டை வீட்டார் ஆகியோரிடம் கேளுங்கள். அவர்கள் வீட்டில் பகலில் ஆள் இருப்பார்களா, யாருக்கேனும் ஒவ்வாமை உண்டா என்று விசாரியுங்கள். தடுப்பூசி அட்டை, உண்ணும் உணவு, படுக்கும் துணி ஆகியவற்றையும் உடன் கொடுங்கள். பழகிய மணம் குட்டியைத் தேற்றும். மூன்று மாதம் நிறைந்த குட்டியாயின் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போடப்பட்டுள்ளதா என்று பார்த்துக் கொடுங்கள். ஐயமிருப்பின் வேப்பேரியிலுள்ள சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையை அணுகலாம். எக்காரணம் கொண்டும் தெருவிலோ ஏரிக்கரையிலோ விட்டுவராதீர்கள். பசி, தாகத்தால் வருந்துமாறு விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். வீட்டில் வளர்ந்த குட்டிக்குத் தெருவில் பிழைக்கவும் தெரியாது.

குட்டி சென்றபின் வீட்டை முற்றாகத் தூய்மை செய்யுங்கள். மருந்துகளை மருத்துவர் சொல்லும்வரை தொடருங்கள். நலம் மெல்லவே திரும்பும்.

பிள்ளையிடம் எவ்வாறு கூறுவது?

பள்ளிவிட்டு வரும்போது குட்டி காணாமற்போயிருக்கும்படி செய்யாதீர்கள். ஓடிப்போய்விட்டது என்று பொய்யும் கூறாதீர்கள். பிள்ளை தெருவெல்லாம் தேடிக்கொண்டிருக்கும். சில நாள் முன்னதாகவே காரணத்தைச் சொல்லுங்கள். புதிய இல்லத்தாரைப் பிள்ளையே காணட்டும். குட்டிக்குப் பிடித்தவை எவையென அவர்களுக்குச் சொல்லும் பொறுப்பையும் அதற்கே கொடுங்கள்.

யாருக்கு ஒவ்வாமையோ அவரைக் குற்றவாளியாக்காதிருப்பது இன்னும் முதன்மையானது. 'உன்னால்தான் போயிற்று' என்று அண்ணன் தங்கையிடம் சொல்லும் ஒரு சொல் நெடுநாள் தங்கும். பாட்டியின் இளைப்பே காரணமாயினும் அவ்வாறே. உடல் தானாகச் செய்யும் செயலுக்கு யாரும் பொறுப்பல்லர் என்பதைப் பெரியோர் முதலில் சொல்ல வேண்டும்.

சில நாள் பிள்ளை சரியாக உண்ணாமலும் உறங்காமலும் இருக்கலாம். 'நாய்தானே' என்று தள்ளாமல் அழ இடங்கொடுங்கள். வாரக்கணக்கில் நீடித்தால் எங்களிடம் தெரிவியுங்கள். குட்டியைப் பற்றிய ஐயம் எழும்போதே சோதனைக்கு வாருங்கள். உரிய நேரத்தில் வருவோருள் சிலர் குட்டியைத் தங்களுடனேயே வைத்துக்கொள்ள இயலும்.