கடல் சிங்கம் கடிக்குமா?

கடல் சிங்கம் மீன் தின்னும் மிருகம். கரையிலும் வாழும், கடலிலும் வாழும்.

மெக்சிகோ நாட்டில் லா பாஸ் நகருக்கு அருகே, லாஸ் இஸ்லோதெஸ் என்ற பாறைத் தீவு இருக்கிறது. அங்கே நூற்றுக்கணக்கான கடல் சிங்கங்கள் கூட்டமாக வாழ்கின்றன. அவற்றைப் பார்ப்பதற்காக, முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு பலர் கடலில் மூழ்குகிறார்கள்.

குட்டிகளுக்குப் பயமே கிடையாது! மனிதரைச் சுற்றிச் சுற்றி நீந்தும். காலில் மாட்டிய ரப்பர் துடுப்பைக் கவ்வி இழுக்கும். இது கோபம் அல்ல, விளையாட்டு. பொருளை எடுத்துப் பார்க்க அதற்குக் கை இல்லை. அதனால் நாய்க்குட்டியைப் போல வாயால் கவ்விப் பார்க்கிறது.

ஆண் சிங்கம் அப்படி அல்ல. அதன் எடை 350 கிலோ வரை இருக்கும். கோடையில், குட்டி பிறக்கும் காலத்தில், பாறை ஓரத்தைத் தன் எல்லையாக வைத்துக் காவல் காக்கும். யாராவது நெருங்கினால் குரைக்கும். எதிரே பாய்ந்து வந்து, நீர்க்குமிழி விடும். "போய்விடு!" என்பதே அதற்குப் பொருள். ஆகவே, ஜூன் முதல் ஆகஸ்டு வரை அங்கே நீந்தத் தடை.

மற்ற மாதங்களிலும் எச்சரிக்கை தேவை. கையை நீட்டக்கூடாது. குட்டியைத் துரத்தக்கூடாது. ஆண் சிங்கம் குரைத்தால், மெதுவாக விலகிவிட வேண்டும். வழி விட்டவரை அது பெரும்பாலும் தொடுவதில்லை!