தேசிய மொழியும் ஆட்சி மொழியும்



நான் ஆசிரியப் பணிக்குப் புதியவனாக இருந்த காலம். பொது அறிவுத் தேர்வொன்றில், 'இந்தியாவின் தேசிய மொழி எது?' என்று வினவியிருந்தேன். வகுப்பில் ஏறத்தாழ அனைவரும் 'இந்தி' என்றெழுத, ஒருவன் மட்டும் 'அவ்வாறு ஒரு மொழி இல்லை' என்று எழுதினான். அவனுக்கு நான் மதிப்பெண் அளிக்கவில்லை. அரசியலமைப்புச் சட்டத்தைப் படித்துப் பாராமலே பாடம் நடத்தியவன் நான் என்பதை நாணத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

அச்சட்டத்தின் 343ஆம் பிரிவு, தேவநாகரி எழுத்தில் எழுதப்படும் இந்தியை மத்திய அரசின் ஆட்சி மொழி என்றே கூறுகிறது. 'தேசிய மொழி' என்னும் பெயரை அச்சட்டம் எம்மொழிக்கும் சூட்டவில்லை. சொல் ஒன்றுதானே என்று எண்ணிவிடாதீர்கள். அலுவலகக் கோப்புகளுக்கு ஒரு மொழியைத் தேர்ந்துகொள்வது நிருவாக வசதி. ஒரு மொழியை நாட்டுக்கே உரிய மொழி என்றால், ஏனைய மொழியினர் தம் மொழியின் நிலை யாது எனக் கேட்பது இயல்பு.

அரசியல் நிர்ணய சபையில் 1949 செப்டம்பர் 12 முதல் 14 வரை இவ்விவாதம் நடந்தது. இந்தியை ஆதரித்தோர், விடுதலை பெற்ற நாடு அயல்மொழியில் ஆட்சி நடத்துவது தகுமா என்றனர்; மிகுதியான மக்கள் பேசும் மொழி இந்தியே என்றும் எடுத்துக்காட்டினர். எளிதில் தள்ளத்தக்க வாதமன்று இது. ஆனால், ஆங்கிலத்தில் பயின்று அலுவல் பார்த்துவந்த தென்னாட்டினர், அரசுப் பணித் தேர்வில் இந்தியைத் தாய்மொழியாகக் கொண்டவனோடு எங்ஙனம் போட்டியிடுவது என்று அஞ்சினர். இறுதியில் கே. எம். முன்ஷியும் என். கோபாலசுவாமி ஐயங்காரும் வகுத்த சமரசம் ஏற்கப்பட்டது. இருவருக்குமே இந்தி தாய்மொழியன்று. ஆங்கிலம் 15 ஆண்டுகள், அதாவது 1965 ஜனவரி 26 வரை, தொடரும் என்பது அதன் சாரம்.

எண்களைப் பற்றியும் சபையில் கடும் பூசல் எழுந்தது. நாம் எழுதும் 1, 2, 3 ஆகிய எண்கள் இந்தியாவில் பிறந்து, அரபு நாட்டினர் வழியே ஐரோப்பா சென்று திரும்பியவை. நாகரி எண்களே வேண்டுமென்றவர்களைச் சமாதானப்படுத்த, 'இந்திய எண்களின் சர்வதேச வடிவம்' என்று சட்டத்தில் எழுதினார்கள்! சமரசம் காண்பவர்களுக்குச் சொல்வளமும் வேண்டும் போலும்.

இந்தி பேசாத மக்கள் விரும்பும் வரை ஆங்கிலம் இணைமொழியாகத் தொடரும் என்று 1959இல் பிரதமர் நேரு உறுதியளித்தார். ஆயினும் 1963ஆம் ஆண்டின் ஆட்சி மொழிச் சட்டத்தில், ஆங்கிலம் 'தொடரலாம்' என்றே பொருள்படும் சொல் அமைந்தது. 'தொடரும்' என்பதற்கும் 'தொடரலாம்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை இலக்கணம் பயிலும் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தொடரலாம் எனின், தொடராமலும் போகலாம் அன்றோ?

கெடுநாள் நெருங்கியதும், 1965 ஜனவரியில் சென்னை மாநிலத்துக் கல்லூரி மாணவர்கள் தெருவில் இறங்கினர். தீக்குளித்து மாண்டவர் சிலர். துப்பாக்கிச் சூட்டில் மடிந்தவர் பலர். மத்திய அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் ஓ. வி. அளகேசனும் பதவி விலக முன்வந்தனர். பிப்ரவரி 11ஆம் நாள் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வானொலியிலே பேசி, நேருவின் உறுதிமொழி காக்கப்படும் என்றார். அவ்வுறுதி 1967ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தில் எழுத்து வடிவம் பெற்றது. இந்தியை ஆட்சி மொழியாக ஏற்காத மாநிலங்கள் அனைத்தின் சட்டமன்றங்களும் இசைந்து தீர்மானம் இயற்றி, அதன்பின் நாடாளுமன்றத்தின் ஈரவைகளும் தீர்மானித்தாலன்றி ஆங்கிலத்தை நீக்க இயலாது.

பிற்காலத்தில், பண்டங்களின் உறைமீது விவரங்களைத் தேசிய மொழியாகிய இந்தியில் அச்சிட ஆணையிட வேண்டுமென்று குஜராத் உயர்நீதிமன்றத்தில் ஒரு வழக்கு வந்தது. மக்களிற் பலர் இந்தியைத் தேசிய மொழியாக ஏற்றிருப்பினும், அதை அவ்வாறு அறிவித்த சட்ட விதியோ ஆணையோ காட்டப்படவில்லை என்று 2010இல் அம்மன்றம் கூறியது. என் வகுப்பில் அம்மாணவன் எழுதிய விடையும் ஏறத்தாழ அதுவே.