உங்கள் பாட்டுக்கு உங்களுக்கே நோட்டீஸா?

“ஐந்து நாளுக்குள் பதில் போடாவிட்டால் சேனலையே மூடிவிடுவார்களாமே?” வீட்டில் பாடி யூடியூபில் ஏற்றும் வாசகர்கள் பலர் பதறிப்போய் எழுதியிருக்கிறார்கள். மூட மாட்டார்கள். அந்தக் கெடு விளம்பர வருமானம் பற்றியது. கிளெய்ம் (உரிமை கோரல்) வந்த ஐந்து நாளுக்குள் டிஸ்ப்யூட் (மறுப்பு) போட்டால் முதல் நாளிலிருந்தே பணத்தை யாருக்கும் தராமல் நிறுத்திவைப்பார்கள்; தாமதித்தால், டிஸ்ப்யூட் போட்ட நாளிலிருந்துதான். வருமானமே இல்லாத சேனலுக்கு எதற்கு இந்தப் பதற்றம்?

இன்னொரு கேள்விதான் யோசிக்க வைக்கிறது: நானே எழுதி, மெட்டுப் போட்டு, என் அறையிலேயே பதிவு செய்த பாட்டுக்குக் காப்பிரைட் கிளெய்ம் எப்படி வரும்?

இந்தக் கிளெய்ம்களைப் போடுவது ஒரு தானியங்கி ஏற்பாடு. 2007-இல் வந்த அந்தக் கன்டென்ட் ஐடியை ‘உரிமையாளர்களுக்கான பாதுகாப்பு’ என்கிறது யூடியூப். பாட்டு யாருடையது என்று அந்த இயந்திரத்துக்குத் தெரியாது. தன்னிடம் பதிவான ஒலியோடு புதிதாக ஏறும் ஒலியை ஒப்பிடும், அவ்வளவுதான். தனிநபர்கள் அதில் நேரடியாகப் பாட்டைப் பதிய முடியாது. ஸ்பாட்டிஃபையில் போடுவதற்காக டிஸ்ட்ரிபியூட்டரிடம் பாட்டைக் கொடுக்கும்போது, படிவத்தில் ‘யூடியூப் கன்டென்ட் ஐடி’ என்று ஒரு கட்டம் இருக்கும். கூடுதல் பாதுகாப்பு என்று நினைத்து டிக் செய்துவிடுகிறோம். அப்புறம் அதே பாட்டை உங்கள் சேனலில் ஏற்றினால் உங்கள் டிஸ்ட்ரிபியூட்டர் பெயரிலேயே கிளெய்ம் வருகிறது. இதில் ஆபத்தில்லை. சேனலுக்கு விலக்குத் தரும்படி அவர்களுக்கு ஒரு மெயில் போட்டால் தீர்ந்தது.

வம்பு லூப்பில் இருக்கிறது. கராஜ்பேண்ட் போன்ற இசைச் செயலிகள் தரும் டிரம் லூப்பை, அதாவது திரும்பத் திரும்ப ஓடும் தாளத் துண்டை, யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். ஒருவர் அதை அப்படியே நான்கு பார் ஓடவிட்டுப் பாட்டைத் தொடங்குகிறார். கட்டத்தில் டிக்கும் அடிக்கிறார். பொதுவான அந்த லூப் இப்போது அவர் சொத்தாகப் பதிவாகிவிட்டது. அதே லூப்பின் மேல் நீங்கள் பாடினால் கிளெய்ம் உங்களுக்கு. தனக்கு மட்டுமே உரிமையுள்ள ஒலியைத்தான் பதியலாம் என்று விதி இருக்கிறது. டிக் அடிக்கிற அவசரத்தில் யார் படிக்கிறார்கள்? ஆஸ்திரேலிய இசைக்கலைஞர் செபாஸ்டியன் டாம்சாக் கணினியில் தானே உருவாக்கிய பத்து மணி நேர வெறும் இரைச்சலுக்கே ஐந்து கிளெய்ம்கள் வந்த கதை 2018-இல் வெளியானது.

டிஸ்ப்யூட் போட்டால் அது யாரிடம் போகிறது என்று பாருங்கள்: கிளெய்ம் போட்டவரிடமே! புகார் கொடுத்தவரே தீர்ப்பும் சொல்வார். அதற்கு அவருக்கு 30 நாள். பதில் சொல்லாவிட்டால் கிளெய்ம் காலாவதி. மறுத்தால் நீங்கள் அப்பீல் செய்யலாம். அவருக்கு 7 நாள். அப்போதும் விடாமல் வீடியோவை நீக்கச் சொன்னால் உங்களுக்கு ஸ்ட்ரைக், அதாவது சேனல் மேல் ஒரு எச்சரிக்கை. 90 நாளில் மூன்று ஸ்ட்ரைக் விழுந்தால் சேனல் போய்விடும்.

ஒரு சதவீதத்துக்கும் குறைவான கிளெய்ம்களே மறுக்கப்படுகின்றன என்று யூடியூப் பெருமைப்படுகிறது. அதன் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 2021-இன் முதல் ஆறு மாதத்தில் 72 கோடிக்கு மேல் கிளெய்ம்கள், 37 லட்சம் டிஸ்ப்யூட்கள். அவற்றில் 60 சதவீதம் வீடியோ ஏற்றியவர் பக்கமே முடிந்திருக்கின்றன. கேட்டவர்களில் பாதிக்கு மேல் ஜெயித்திருக்கிறார்கள் என்றால், கேட்காதவர்கள் எல்லோரும் தப்புச் செய்தவர்கள் என்று எப்படிச் சொல்வது? ஸ்ட்ரைக்குக்குப் பயந்து பேசாமல் இருந்தவர்களை எந்த அறிக்கையும் எண்ணவில்லை.

மற்றக் கேள்விகள்:

கிளெய்ம் என்றால் ஸ்ட்ரைக்கா? இல்லை.

‘உரிமை அவர்களுக்கே’ என்று டிஸ்கிரிப்ஷனில் போட்டால்? பயனில்லை.

பத்து நொடி மட்டும் எடுத்தால்? பத்து நொடிவரை எடுக்கலாம் என்று ஒரு சட்டம் இல்லை.

தியாகராஜர் கீர்த்தனை? 1847-இல் மறைந்தவர், கீர்த்தனைக்கு உரிமை கோர யாருமில்லை. நீங்களே பாடி, நீங்களே பதிவு செய்ததென்றால் தைரியமாக டிஸ்ப்யூட் போடுங்கள்.

பாரதியார்? வரிகள் பொது. சினிமாவில் போட்ட மெட்டு பொது அல்ல.

சினிமாப் பாட்டை கீபோர்டில் வாசித்தால்? கிளெய்ம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும், மோத வேண்டாம்.

இலவச லூப் வைத்துப் பாட்டுச் செய்தவர்கள் டிஸ்ட்ரிபியூட்டர் படிவத்தில் அந்தக் கன்டென்ட் ஐடி கட்டத்தை மட்டும் காலியாக விடுங்கள். ஏற்கெனவே டிக் செய்திருந்தால், எடுத்துவிடச் சொல்லி இன்றே எழுதுங்கள்.