காதில் தொங்கியது கழுத்தில்!

எங்கள் ஆச்சிக்கு பாம்படம் போட்ட காது. திருநெல்வேலி, தூத்துக்குடி பக்கத்து வாசகிகளுக்கு இது புரியும். சின்ன வயசிலேயே காது குத்தி, பஞ்சு வைத்து, ஈயக் குணுக்கு மாட்டி, தோளைத் தொடுகிற மாதிரி காது வளர்ப்பார்களாம். ஆச்சி நடந்தால் பாம்படமும் சேர்ந்து ஆடும்.

2016-ல் ஆச்சி தவறிவிட்டார்கள். காரியம் முடிந்ததும் பாம்படத்தை என்ன செய்வது என்ற பேச்சு வந்தது. வளர்த்த காது எங்களில் யாருக்கும் கிடையாது. "உருக்கி ஆளுக்கொரு மோதிரம் செஞ்சிக்கலாம்" என்றார் மாமா. ஆசாரியோ, "பார்க்கத்தான் பெரிசு. மேலே தங்கத் தகடு, உள்ளே அரக்கு. உருக்கினா கொஞ்சந்தான் தேறும்" என்று சொல்லிவிட்டார். அதைக் கேட்டதும் நானும் அக்காவும் ஆளுக்கு ஒன்றாகக் கேட்டு வாங்கிக் கொண்டோம்.

என் பங்கு நாலு வருஷம் பீரோவில்தான் கிடந்தது. ஒற்றைப் பாம்படத்தை எங்கே போடுவது? ஒருநாள் சும்மா கயிற்றில் கோர்த்துக் கழுத்தில் வைத்துப் பார்த்தேன். பதக்கம் மாதிரி அத்தனை அழகு! ஆசாரியிடம் கொண்டு போனேன். "பற்ற வைக்கக் கூடாதும்மா, சூடு பட்டா அரக்கு உருகிடும்" என்று, காதில் மாட்டும் வளைவிலேயே ஒரு வளையம் கோர்த்துக் கொடுத்தார்.

ஒரு கல்யாணத்துக்கு அதைப் போட்டுக் கிளம்பினேன். என் மாமியார், "ஏட்டி, காதுல போடுறதைக் கழுத்துல தொங்க விட்டிருக்கே! அதுவும் கல்யாண வீட்டுக்குக் கறுப்புக் கயிறா?" என்று பிடித்துக் கொண்டார். கயிற்றை மட்டும் அரக்கு நிறப் பட்டுக் கயிறாக மாற்றினேன். பாம்படத்தைக் கழற்றவில்லை.

மண்டபத்தில் சிலர் சிரித்தார்கள். சிலர் எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்டார்கள். பந்தியில் பக்கத்தில் இருந்த ஒரு பாட்டி அதைக் கையில் ஏந்திப் பார்த்தார். அவர் காதில் தையல் போட்ட தழும்பு. "எனக்கும் இருந்துச்சு தாயி. மவன் படிப்புக்கு வித்தேன். அப்புறம் வெறுங்காதா தொங்குதுன்னு அறுத்துத் தச்சிட்டாவ" என்றவர், சாப்பிட்டு முடிக்கும்வரை அதையே பார்த்துக் கொண்டிருந்தார். எனக்குச் சோறு இறங்கவில்லை. என் மாமியாரும் கேட்டுக் கொண்டுதான் இருந்தார். வீட்டுக்கு வந்ததும், "அதை வெந்நீரில் போட்டுக் கழுவிடாதே, ஈரத்துணியால துடைச்சு வை" என்று மட்டும் சொன்னார்.

சகோதரிகளே! ஜோடி தொலைந்த ஜிமிக்கி, பாட்டியின் ஒற்றைத் தோடு என்று உங்கள் பீரோவிலும் ஏதாவது கிடக்கும். போடுகிற இடத்தை மாற்றிப் போட்டால் அது புது நகை. நாலு பேர் சிரித்தால் சிரிக்கட்டும்! உருக்கக் கொடுப்பதற்கு முன்னால் ஒருமுறை கண்ணாடி முன் நின்று பாருங்களேன்.

- ஒரு வாசகி, கோவில்பட்டி.