குழந்தையின் குடல் பாலிப் புற்றுநோயாக மாறுமா?

குழந்தைக்கு வலியே இல்லாமல் மலத்தோடு ரத்தம் போகிறதா? பெருங்குடலில் பாலிப் எனும் சதை வளர்ச்சி இருக்கலாம். 2 முதல் 10 வயதுக்குள் அதிகம் காணப்படும் ஜுவனைல் பாலிப் பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான். கொலனோஸ்கோப்பியில் அகற்றிவிட்டால் போதும். புற்றுநோய் ஆபத்து அநேகமாக இல்லை.

எல்லா பாலிப்பும் அப்படியல்ல. எப்படிப் பிரித்தறிகிறார்கள்? அகற்றிய சதையை மெல்லிய சீவல்களாக்கி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். தேவைப்பட்டால், குறிப்பிட்ட புரதங்களைச் சாயத்தால் காட்டிக்கொடுக்கும் ஆன்டிபாடியும் சேர்க்கிறார்கள். கேஐ-67 புரதம், பெருகிக்கொண்டிருக்கும் செல்களில்தான் இருக்கும். அவற்றின் உட்கரு பழுப்பாகத் தெரியும். இயல்பான பெருங்குடலில் இந்தப் பழுப்பு சுரப்பிக் குழிகளின் அடிப்பகுதியோடு நின்றுவிடும். மேற்பரப்பு வரை ஏறியிருந்தால், செல் பெருக்கம் கட்டுமீறியிருக்கலாம். பி53 புரதம் உட்கருவில் அடர்த்தியாகத் தேங்கியிருந்தால், கட்டிகளைத் தடுக்கும் மரபணு பழுதாகியிருக்கலாம்.

சாயத்தை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. பாலிப் ஐந்துக்கு மேல் இருந்தாலோ, குடும்பத்தில் யாருக்கேனும் ஜுவனைல் பாலிப் நோய் இருந்தாலோ, எஸ்மேட்4, பிஎம்பிஆர்1ஏ மரபணுக்களையும் சோதிக்க வேண்டும். பழுது தெரிந்தால் தொடர் கண்காணிப்பு அவசியம்.

எனவே பெற்றோரே, ரத்தம் கண்டால் மூலம், சூடு என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். மருத்துவரிடம் காட்டுங்கள்; பயாப்ஸி (சதைப் பரிசோதனை) அறிக்கையைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.